கிண்ணத்தில் இருப்பது குடல் இல்லைங்க!

"பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்னடா வேலை?" என்று கேட்பீர்கள். என் ரூம்மேட்டுக்கு இறால் ஆகாது. ஒரு ரிசப்ஷனில் மீன் குழம்பு என்று நினைத்து ஊற்றிக்கொண்டதில் இறாலும் கிடந்திருக்கிறது. உதடு வீங்கி, மூச்சுத் திணறி... அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்துதான் இதையெல்லாம் தேடிப் படிக்கிறேன்.

"மனிதக் குடலையே ஆய்வகத்தில் வளர்த்தாச்சு" என்ற மாதிரி செய்தி வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தக் குடல்? பல ஆய்வகங்களில் புழங்குவது காக்கோ-2 செல்கள். 1970களில் ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியில் இருந்து எடுத்தவை. நுண்துளைப் படலத்தின் மேல் சுமார் 21 நாள் வளரவிட்டால் சிறுகுடலின் உள்சுவர் மாதிரி ஒரே அடுக்காக நிற்கும். மேலே இறால் புரதத்தை விட்டு, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். அதை அளக்க நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அலர்ஜி அத்தோடு முடிகிறதா? சுவரைத் தாண்டிய புரதம், கீழே இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டியிருக்கும் ஐ.ஜி.இ. ஆன்டிபாடிகளில் மாட்டுகிறது. உடனே அந்தச் செல்கள் ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டுகின்றன. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெறும் காக்கோ-2 கிண்ணத்தில் மாஸ்ட் செல்லே கிடையாதே! கல்லாப்பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு, கடன் பாக்கியைப் பார்க்காமல் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் விடுவீர்களா?

2009இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு எலிக்குடலின் ஒற்றைத் தண்டு செல்லில் இருந்து குட்டிக் குடல் உருண்டைகளை வளர்த்தது. பெரிய சாதனை. ஆனால் அதிலும் நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை. போதாததற்கு, சாப்பாடு பட வேண்டிய பக்கம் உருண்டைக்கு உள்ளே இருக்கிறது! ஊசியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும்.

"அப்போ எலியே மேல்னு சொல்றியா?" இல்லை சாமி. எலிக்கு வேர்க்கடலையைச் சும்மா ஊட்டினால் பெரும்பாலும் அதன் உடம்பு பழகிக்கொள்ளும். காலரா நச்சைச் சேர்த்துக் கொடுத்து அலர்ஜியை வரவழைக்கிறார்கள். என் நண்பன் என்ன, காலரா நச்சு கலந்தா இறால் சாப்பிட்டான்?

விஞ்ஞானத்தில் எளிமைப்படுத்தாமல் முடியாது என்பார்கள். சரி. எதை விட்டுவிட்டீர்கள் என்பதையும் அதே தலைப்பில் சொல்லுங்கள். நோயாளியின் குடல் திசுவையும் மாஸ்ட் செல்களையும் அவருடைய ஆன்டிபாடிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் மாதிரிகளுக்குப் பணத்தைப் போடுங்கள். செலவு அதிகம், மெதுவாகத்தான் நகரும், தெரியும். ஆனால் இன்றைக்கும் உறுதியான பரிசோதனை என்றால், டாக்டர் முன்னால் உட்கார்ந்து அந்த உணவையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தாலும், சாப்பிட்டால் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை.

நண்டும் ஆகாதா என்று தெரிந்துகொள்ள அவனை அதற்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டான். இப்போதெல்லாம் எந்த விருந்துக்குப் போனாலும் தயிர் சாதம் மட்டும்தான்.