நிலம் அதிர்ந்தால் எந்தச் செய்தியை நம்புவது?

2018 ஜூலை 22, ஞாயிறு காலை. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் நிலம் லேசாக அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 3.3 என்று பதிவானது. இதுபோன்ற நேரங்களில், 'இன்றிரவு இதைவிடப் பெரியது வரும்' என்ற வாட்ஸ்அப் செய்தியும் கூடவே பரவுகிறது. இதை நம்பலாமா?

நிலநடுக்கம் எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் பதில் கிடைக்கும். பூமிக்குள் பாறை உடைந்து நழுவும்போது இருவகை அலைகள் கிளம்புகின்றன. மின்னலுக்குப் பின் இடி கேட்பதுபோல, வேகமான அலை முதலிலும் மெதுவான அலை பிறகும் கருவியை வந்தடைகின்றன. இடைவெளி ஒரு வினாடி என்றால் தூரம் சுமார் 8 கிலோமீட்டர். ஒரு நிலையம் தூரத்தை மட்டுமே சொல்லும். திசைக்கு, குறைந்தது மூன்று நிலையங்களின் கணக்கு ஒன்றுசேர வேண்டும்.

ரிக்டர் எண் ஒன்றுதான். ஆனால் அதிர்வு இடத்துக்கு இடம் மாறும். குப்பனூர் மலையடிவாரத்தில் பாறைமேல் நிற்கும் வீட்டைவிட, ஏரி மண்ணை நிரப்பிக் கட்டிய வீடு கூடுதலாக ஆடக்கூடும்.

ஆக, கருவி சொல்வது நடந்து முடிந்ததை மட்டுமே. நாளும் நேரமும் குறித்து முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் எவரிடமும் இல்லை. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்குர்ஆன் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் ஃபார்வர்டு செய்து முதியோரையும் குழந்தைகளையும் நடுங்க வைப்பது பாவமல்லவா?

அதேசமயம் அலட்சியமும் கூடாது. 1900இல் கோவைப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் இதைவிடப் பன்மடங்கு பெரியது. 2002ஆம் ஆண்டின் வரைபடம் சேலத்தை மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. வீடோ, பள்ளிவாசலோ, மதரஸாவோ கட்டும்போது பொறியாளரிடம் இதைக் கேளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே சுன்னத்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.