காக்கா ஆழி உழவருக்குச் சொல்லும் பாடம்

பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது காட்டுப்பள்ளி. அதை ஒட்டிய கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மீனவர்களும் இருளர் குடும்பங்களும் தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. நமக்கு வயல் எப்படியோ, அவர்களுக்கு ஆற்றின் அடித்தரை அப்படி. எங்கே சேறு, எங்கே மணல், எந்த இடத்தில் மட்டி கிடக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும்.

சில ஆண்டுகளாக அந்த விரலைச் சிப்பி கிழிக்கிறது. கருப்பும் பழுப்புமாக, ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு, சேற்றின் மேல் பாய் விரித்தது போலப் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. அறிவியல் பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கக் கடற்கரைகள். கப்பல்கள் பாரத்தைச் சமன் செய்ய அடித்தொட்டியில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரோடு இது வந்து சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கேரளத்துக் காயல்களிலும் சிங்கப்பூரிலும் இதே சிப்பி கால் ஊன்றியிருக்கிறது. உப்பு ஏறினாலும் குறைந்தாலும் தாங்கும் என்பதால் கழிமுகம் அதற்குத் தோதான இடம்.

சேறு மூடிவிட்டால் இறால் எங்கே ஒதுங்கும்? மஞ்சள் மட்டி எங்கே புதையும்? இது நம்ம ஆற்றுச் சரக்கு இல்லை என்று முதலில் கண்டுகொண்டவர்கள் தண்ணீரில் இறங்கியவர்கள்தான். சொன்னார்கள், மனு கொடுத்தார்கள், தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அதற்குள் அது ஆற்றை நிறைத்து, பழவேற்காடு பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது. இனி சுரண்டி அள்ளி எடுக்க வேண்டியதுதான். அள்ளிய இடத்திலும் மறுபடி குஞ்சு ஒட்டாது என்பதற்கு உறுதி கிடையாது.

விவசாயப் பத்திரிகையில் சிப்பிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆற்றில் நடந்ததுதான் நம் காட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு. 2020-ல் கேரளத்தில் பார்த்த மரவள்ளி மாவுப்பூச்சி, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு வந்துவிட்டது. நான்கும் அயல்நாட்டுச் சரக்கு. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு உழவர்தான் முதலில் பார்த்திருப்பார். "இது புதுசா இருக்கே" என்று ஒரு நிமிடம் நின்றிருப்பார். அந்த ஒரு நிமிடம் எங்கேயாவது பதிவானதா என்பதுதான் என் கேள்வி.

நம் இயக்கத்து நண்பர்கள் பலர் இதில் ஆர்வம் காட்டுவதில்லை. இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, இயற்கை தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். இரண்டு, அதிகாரியிடம் சொன்னா மருந்து அடிக்கச் சொல்லுவாங்க, எதுக்கு வம்பு? இரண்டாவது பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் பப்பாளிக் கதையிலேயே பதில் இருக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாம் வெள்ளை பூத்தது. கையில் கிடைத்த விஷத்தையெல்லாம் அடித்தார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. நம் கரைசல்களும் திணறின. நம் மண்ணின் பொறிவண்டும் குளவியும் இருந்தும் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அதற்கென்றே பிறந்த எதிரி இங்கே இல்லை, அதன் சொந்த ஊரோடு நின்றுவிட்டது. இயற்கை சரி செய்யும் என்பது உண்மைதான்; ஆனால் பாதி இயற்கையை விட்டுவிட்டுப் பூச்சி மட்டும் வந்திருக்கும்போது எப்படிச் சரி செய்யும்?

பூச்சியின் சரியான பெயர் தெரிந்த பிறகுதான் வழி பிறந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி வரவழைக்கப்பட்டது. வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. விஷம் அடித்துத் தீராதது குளவியால் தீர்ந்தது. மரவள்ளிக்கும் அப்படித்தான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற வேறொரு குளவி வந்து, 2022-ல் வயலில் விடப்பட்டது.

கவனியுங்கள். மரவள்ளியில் இந்த இரண்டு மாவுப்பூச்சியும் வரும். தூரத்தில் பார்த்தால் இரண்டும் வெள்ளை மாவுதான். மாவை விலக்கிப் பார்த்தால் ஒன்று மஞ்சள் உடம்பு, அது பப்பாளிப் பூச்சி. மற்றது இளஞ்சிவப்பு, அது மரவள்ளிப் பூச்சி. ஒன்றின் குளவி மற்றதைத் தொடாது. "மாவுப்பூச்சி வந்திருக்கு" என்று சொன்னால் போதாது, எந்த மாவுப்பூச்சி என்று தெரிய வேண்டும். பேர் தெரியாத பூச்சிக்கு விஷம் மட்டும்தான் பரிந்துரைக்க முடியும். விஷமில்லா வழி வேண்டும் என்று கேட்கிற நாம்தான், மற்ற எவரையும் விட, சரியாக அடையாளம் கண்டு சொல்ல வேண்டியவர்கள்.

அடையாளம் தெரியாமல் பதறுவதும் ஆபத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2019 டிசம்பரில் ஒரு வீட்டுக்காரர் ஆசிய ராட்சதக் குளவி ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்த்துச் சொன்னார். தேனீக் கூட்டத்தையே அழிக்கக்கூடிய குளவி அது. மாநில வேளாண் துறை படத்தோடு தகவல் அனுப்பச் சொன்னது, மக்கள் வீட்டுக்கு வீடு பொறி வைத்தார்கள். வந்த தகவலில் பெரும்பாலானவை வேறு பூச்சிகள். ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். 2020-ல் ஒரு கூடு, 2021-ல் மூன்று கூடுகள் அகப்பட்டன. 2024 டிசம்பரில் அந்தக் குளவி அங்கே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒரு தகவல் சரியாக இருக்க, நூறு தவறான தகவலைப் பொறுமையாகக் கேட்கிற ஆள் வேண்டும்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் ஊர்க் கதண்டுக் கூட்டைக் கொளுத்தக் கிளம்பிவிடாதீர்கள். கதண்டு நம் மண்ணுக்கே உரியது, மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்று பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது. வீட்டருகே, பள்ளியருகே கட்டியிருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். யாருமில்லாத பனை உச்சியில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது? முதலில் எதையும் அடிக்காதீர்கள். முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், ஒரு ரூபாய்க் காசு பக்கத்தில் வைத்துப் பூச்சி என்று மூன்று படம் எடுங்கள். தேதி, ஊர், பயிர், எத்தனை செடியில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒன்றிரண்டை மூடிய சின்னப் புட்டியில் போட்டு வைக்கலாம். உயிரோடு அடுத்தவர் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அந்தக் காட்டிலிருந்து விதைக்கரணையோ நாற்றோ வெளியே போகக் கூடாது. பிறகு உதவி வேளாண்மை அலுவலருக்கும் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது திரூரில் இருக்கிறது. உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 எண்ணிலும் கேட்கலாம். எதைக் கொடுத்தாலும் ஒரு நகல் நம் கையில் இருக்கட்டும்.

இது நம் பங்கு. அரசின் பங்கு இதைவிடப் பெரியது. வந்த தகவலுக்கு என்ன பூச்சி என்று தமிழில் எழுத்துப் பதில் வர வேண்டும். பெயர் தெரியும் முன் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. இயற்கை எதிரி எங்கே கிடைக்கும் என்பதையும் அதே பதிலில் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் இறங்கும் தண்ணீருக்கும் சரக்குக்கும் உள்ள சோதனை, பக்கத்து ஊர் மக்களுக்குத் தெரிகிற மாதிரி நடக்க வேண்டும். காட்டுப்பள்ளிப் பக்கம் தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவர்கள் கப்பலில் எதையும் வரவழைக்கவில்லை. ஆனாலும் கை கிழிவது அவர்களுக்குத்தான்.

ஒவ்வொரு உழவர் குழுவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். 'புதுசாப் பார்த்தது' என்று மேலே எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டைப் படித்து, பதில் வராதவற்றைத் தீர்மானமாகப் போடுங்கள். ஆற்றில் இறங்குகிறவர்கள் கண்டு சொன்னதைக் கேட்கத் தாமதமானதால் ஒரு கழிமுகம் என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். நம் காட்டில் அந்தத் தாமதம் நம்மால் நேர வேண்டாம்.