கூரையில் எறியக் கூடாத பல்

மூன்று வயதுக் குழந்தையின் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடி விழுந்துவிடுகிறது. அடிபடவில்லை, பெரிதாக வலியும் இல்லை. “பால் பல்தானே, முளைச்சிடும்” என்று பாட்டி ஆறுதல் சொல்கிறார். வழக்கம்போலப் பல் கூரைக்குப் போய்விடுகிறது. ஒரு நோயின் முதல் தடயமும் அதனோடு போய்விடுகிறது.

பால் பற்கள் பொதுவாக ஆறு வயதை ஒட்டித்தான் விழத் தொடங்கும். அடியிலிருந்து நிரந்தரப் பல் எழும்போது பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் விழுந்த பல்லின் அடி மொட்டையாக இருக்கும். ஐந்து வயதுக்கு முன்பே, கரையாத வேரோடு முழுப் பல்லும் கழன்று வந்தால் ‘ஹைப்போபாஸ்படேசியா’ என்ற பரம்பரை நோயைச் சந்தேகித்தே ஆக வேண்டும். 1948-இல் கனடா மருத்துவர் ஜான் ராத்பன் அடையாளம் காட்டிய நோய் இது. மரபணுப் பிழையால் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி குறைகிறது. எலும்பில் சுண்ணச்சத்து சரியாகப் படிவதில்லை. வேரைத் தாடையோடு பிணைக்கும் பற்காரையும் உருவாவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க முதல் படியாக அரிய கருவி எதுவும் வேண்டாம். கல்லீரல் செயல்பாட்டுக்காகச் சாதாரணமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனையிலேயே இந்த நொதியின் அளவு இருக்கிறது. ஆனால், அது கூடினால்தான் நம் கண்ணில் படுகிறது. குறைந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. வளரும் குழந்தைக்கு இந்த அளவு பெரியவர்களைவிட அதிகமாக இருப்பதே இயல்பு. பெரியவர்களுக்கான வரம்பை வைத்துப் பார்த்தால், ஆபத்தான குறைவுகூட ‘நார்மல்’ ஆகிவிடும். ஆய்வுக்கூட அறிக்கைகள் வயதுக்கேற்ற வரம்பை அச்சிட வேண்டும் என்பது மிகச் சிறிய கோரிக்கை. அதைக்கூட நாம் கட்டாயமாக்கவில்லை என்றால் அது அலட்சியம்தான்.

அலட்சியத்தின் விலை பெரிது. கால் வளைந்த கைக்குழந்தையைப் பார்த்ததும் ரிக்கெட்ஸ் என்று முடிவுகட்டி, சோதிக்காமல் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தால், ஹைப்போபாஸ்படேசியாவில் ஏற்கெனவே ஏறியிருக்கக்கூடிய ரத்தக் கால்சியம் மேலும் ஏறும்.

இந்த நோயின் மறுபக்கம் போன்றது, சிறுநீரில் பாஸ்பேட் வீணாகும் எக்ஸ்.எல்.எச். நோய். ஏறக்குறைய இருபதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் இதில் பல் விழாது. சொத்தையே இல்லாத பல்லின் அடியில் சீழ் கட்டும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் திடப்படாததால், சிறு தேய்மானமே கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, பல்லின் மேற்பரப்புப் பள்ளங்களை ரெசினால் அடைத்தல், சின்ன வயதிலேயே பாஸ்பேட் சிகிச்சை ஆகியவை பல பற்களைக் காப்பாற்றும். பிடுங்கி எறிவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

ஹைப்போபாஸ்படேசியாவுக்கு 2015 முதல் நொதி ஊசி இருக்கிறது. அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரியநோய்க் கொள்கையின்கீழ் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு என்றாலும், அந்த வாசலைத் தட்டுவதற்கே நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் குழந்தைக்கு ஐந்து வயதுக்கு முன் பல் விழுந்தால் அதைக் கழுவி, சிறு டப்பாவில் போட்டு, தேதியை எழுதி வையுங்கள். பல் மருத்துவரிடம் அதைக் காட்டி, வேர் இருக்கிறதா என்று கேளுங்கள்.