பட்டம் வாங்குற நாளில் யாருடைய துணி?

நைஜீரியாவின் இபாடன் பல்கலைக்கழகம் 1948இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரியாகப் பிறந்தது. 1960இல் நாடு விடுதலை பெற்றது. பட்டமளிப்பு அங்கி மட்டும் இன்னும் குளிர்நாட்டுப் பாணிதான்!

அதே ஓயோ மாநிலத்தில்தான் இசெயின் இருக்கு. அங்கே யொரூபா நெசவாளர்கள் நாலைந்து அங்குலப் பட்டைகளாக நெய்து, சேர்த்துத் தைப்பதே 'அசோ ஓகே'. காட்டுப்பட்டில் 'சன்யான்', சிவப்பில் 'அலாரி', அவுரி நீலத்தில் 'எட்டூ'.

கல்யாணத்துக்கு அதுதான் மரியாதை. தலைவர் பட்டம் கட்டும் நாளிலும் அதுதான். படிச்சுப் பட்டம் வாங்குற நாளில் மட்டும் ஆகாதா?

அங்கி முழுக்க வேண்டாம். தோளில் ஒரு பட்டை போதும். ஆனா மில்லில் அடிச்ச போலியைப் போட்டுட்டு 'பண்பாடு'ன்னு சொல்லாதீங்க. தறிக்காரர் கைக்குக் கூலி போய்ச் சேரணும். அதுதான் உண்மையான மரியாதை!