எட்டு மணி மருந்து



விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டும் காலம் இது. பெட்டியின் அடியில் வைக்கத் தகாத ஒரு பொருளைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். ஈரல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர் உண்ணும் மருந்தே அது.

என் மைத்துனருக்கு மூன்றாண்டுகளுக்கு முன் கல்லீரல் பழுதாயிற்று. தன் ஈரலில் ஒரு பகுதியை ஈந்து அவரைக் காத்தவள், அவருடைய தமக்கையாகிய என் மனைவி. ஈரல் இருவருக்கும் வளர்ந்துவிடும். ஆயினும், உடன்பிறந்தவளுடையதே ஆனாலும், பெற்றவரின் உடல் அதனை அயலாகவே கருதும். சீட்டில்லாதவரைப் பரிசோதகர் இறக்கிவிடுவதுபோல, வெள்ளணுக்கள் அதனை விலக்க முற்படும். அவற்றை அடக்கி வைப்பதே இம்மருந்துகளின் தொழில்.

1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்றினார், அந்நோயாளி பிழைக்கவில்லை. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் 1980-களில் வழக்கத்திற்கு வந்தபின் நிலைமை மாறிற்று. 1984-இல் ஜப்பானில் சுகுபா மலையடிவாரத்து மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. இன்று பெரும்பாலோர் உண்பது இதனையே. நம் நாட்டில் 1998-இல் டில்லியில், தந்தையின் ஈரற்பகுதியைப் பெற்று உயிர் பிழைத்தது ஒரு தமிழ்நாட்டுக் குழந்தை.

நிற்க. இம்மருந்தைச் சாதாரணமாக 12 மணி நேரத்திற்கு ஒருமுறை உண்ண வேண்டும். இரத்தத்தில் அளவு குறைந்தால் ஈரலுக்குக் கேடு. மிகுந்தால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், தொற்றுநோய் எளிதில் பற்றும். ஆகவேதான் காலை மருந்துக்கு முன் இரத்தமெடுத்து அளவு பார்க்கின்றனர். பம்பளிமாஸ் போன்ற பழங்கள் அளவை உயர்த்தக்கூடும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் வெகுவாகக் குறைத்துவிடும். பிற மருந்தோ, லேகியமோ, கஷாயமோ எதுவாயினும் டாக்டரைக் கேளாமல் உண்ணலாகாது.

சென்ற பொங்கலுக்கு மைத்துனர் ஊர் சென்றார். மருந்து இருக்கையின் கீழ்ப் பெட்டியில் பூட்டியிருந்தது; இரவு வேளை தவறிற்று. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அத்தான், ஒரு வேளை போனால் என்ன?” என்றார். ஒரு வேளை பல வேளையாயிற்று. வலியில்லை, காய்ச்சலில்லை. வழக்கமான இரத்தப் பரிசோதனையில்தான் ஈரல் தாக்கப்படுவது தெரிந்தது. மருத்துவமனையில் படுத்து, ஊசி மருந்துகள் ஏற்றிய பின்னரே தேறினார். உடம்பு நன்றாயிருந்தது மருந்தினால் என்பதை அவர் மறந்தார். உடனிருந்த நானும் வற்புறுத்தாமல் விட்டேன்.

பயணம் செல்வோர் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. வண்டி தாமதமாகலாம், சில நாட்களுக்கு மிகுதியாகவே எடுத்துச் செல்க. டாக்டரின் மருந்துச் சீட்டும் உடனிருக்கட்டும். வேளை தவறினால் இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து விழுங்காமல், சிகிச்சை செய்யும் டாக்டரைக் கேட்டு நடக்க.

என் மனைவி தம்பியை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. நாள்தோறும் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் தொலைபேசியை எடுக்கிறாள். “சாப்பிட்டாயா, தம்பி?” என்று மட்டும் கேட்கிறாள். அவள் கேட்பது சோற்றைப் பற்றியன்று என்பது அவருக்குத் தெரியும்.