பளபளக்கிற விமானத்துக்கு மட்டும்தான் முதலிடமா?

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலைக் கண்காட்சி என்றால் மாதிரி விமானம் ஒன்றாவது வந்துவிடும். கண்ணாடி மாதிரி மின்னுவதற்குத்தான் பரிசு கிடைக்கும். புகைக்கறை, தூசு, உரிந்த பெயின்ட் எல்லாம் காட்டித் தீட்டிய விமானம் "வேலை சுத்தமில்லை" என்று ஓரமாகிவிடும். இது மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

காரணம் சொல்ல வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ராஜாலிய', சிங்களத்தில் கழுகு. அங்கே கோர்சேர் என்ற போர்விமானம் நின்றது. அதை யானை கட்டி இழுத்திருக்கிறார்கள், அந்தக் காலத்துப் படங்கள் இன்றும் இருக்கின்றன. வண்ணாத்திவில்லுப் பிள்ளை ஒன்று விமானம் செய்வதானால், இதைவிடப் பொருத்தமானது வேறென்ன?

இப்போது அதைத் தீட்டிப் பாருங்கள், எத்தனை கேள்வி வருகிறது என்று தெரியும்.

பிரித்தானியக் கப்பல்களின் உள்தளம் உயரம் குறைவு. மடித்த இறக்கை கூரையில் முட்டாமல் இருக்க, கோர்சேரின் இறக்கை நுனியில் பக்கத்துக்கு 20 சென்ரிமீற்றர் குறைத்தார்கள். 72இல் ஒரு பங்கு மாதிரியில் அது 3 மில்லிமீற்றர்கூட இல்லை. ஆனால் அதை அளந்து வெட்டுகிற பிள்ளைக்கு விகிதக் கணக்கு மறக்காது.

அடுத்தது டெக்கல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் மெல்லிய அடையாளப் படம். பிரித்தானிய விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருக்கும். ஆசியப் போர்முனையில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் அடையாளம் சிவப்பு வட்டம், தூரத்தில் பார்த்துத் தங்கள் ஆட்களையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. சிவப்பு வைத்த டெக்கலைப் புத்தளத்து கோர்சேரில் ஒட்டினால், அது சரித்திரப் பாடத்தில் ஆண்டைப் பிழையாக எழுதுவது போல.

ஒட்டுவதற்கும் முறை இருக்கிறது. மங்கலான பெயின்டின் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரித் தெரியும். முதலில் மினுங்கும் வார்னிஷ், அதன்மேல் டெக்கல், காய்ந்தபின் மங்கல் வார்னிஷ். அவசரக்காரனுக்கு இது வராது.

பிறகுதான் அழுக்கு. கண்ட இடத்தில் கறுப்பைத் தேய்ப்பது அழுக்கல்ல. ஒவ்வொரு கறைக்கும் காரணம் வேண்டும். புகைக்கறை புகைபோக்கியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பெயின்ட் உரிவது ஆள் ஏறி மிதிக்கிற இறக்கை அடியில். சில்லில் நம்ம மண்ணின் தூசு. சிலர் இறக்கையில் துருவின் செம்பழுப்பைத் தீட்டுகிறார்கள். விமானத்தின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியக் கலவை, அது இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. உரிந்தால் வெள்ளிநிறம்தான் தெரியும். இதுவும் ஒரு விஞ்ஞானப் பாடம்.

"போர்விமானத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். விமானச் சத்தம் என்றால் என்னவென்று அவர்களின் உம்மம்மாமாருக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறோம், பளபளக்கிற போர்விமானம் போரை விளையாட்டுச் சாமான் ஆக்கிவிடுகிறது. கறையும் கீறலும் உள்ள விமானம் "இது எங்கே போய் வந்தது?" என்று கேட்க வைக்கும். 1944 ஏப்ரல் 19 அன்று இல்லஸ்ட்ரியஸ் கப்பலின் கோர்சேர்கள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனார்கள். சபாங்கிலும் நம்மைப் போல் கரையோர மக்கள் இருந்தார்கள். அதையும் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கிட் வாங்க எல்லாராலும் முடியாது, வாங்கவும் வேண்டாம். கார்ட்போட்டிலோ ரெஜிபோமிலோ செய்யலாம். ரெஜிபோமுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள், கரைந்துவிடும். தண்ணீர்ப் பெயின்டே போதும். சின்னத்தைக் கவராயத்தால் வரைந்து வெட்டி ஒட்டலாம். வாப்பா காசு கொடுத்துக் கடையில் செய்வித்த விமானத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

நடுவர்களாக இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். புள்ளி போடுமுன் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விமானம் எங்கே நின்றது? இந்தச் சின்னம் ஏன் இப்படி? இந்தக் கறை எப்படி வந்தது? பதில் சொல்கிற பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள். அடுத்த கண்காட்சியிலிருந்தே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.