ஒன்பது நாளும் இருபது ஆண்டும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் வளைந்த சுவரோடு நிற்கும் ஒரு கட்டடத்துக்கு இரண்டு பெயர்கள். பலகையில் விவேகானந்தர் இல்லம். ஊரார் வாயில் ஐஸ் ஹவுஸ். இரண்டுக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் டியூடர் நிறுவனம் கட்டிய கிடங்கு அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1963இல் அவருடைய பிறந்த நூற்றாண்டையொட்டி அரசு அவர் பெயரைச் சூட்டியது.

அந்தக் கட்டடத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர்கள் பெண்கள். விவரம் தெரியும் முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டு, பருவமெய்தும் முன்பே கைம்பெண் ஆக்கப்பட்ட சிறுமிகள். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுக்கிய அவர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள்; ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அந்த விடுதியை நடத்திய சகோதரி சுப்புலட்சுமியும் குழந்தைக் கைம்பெண்தான். 1886இல் பிறந்தவர், அதே கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பட்டம் பெற்றார்.

கிடங்கில் கரைந்துபோன ஐஸ்கட்டிக்குப் பெயர் நிலைத்தது. ஒன்பது நாள் விருந்தினருக்குப் பெயர் நிலைத்தது. இருபது ஆண்டு விளக்கேற்றி வைத்துப் படித்த பெண்களுக்கு மட்டும் வாசலில் பெயர் இல்லை. விவேகானந்தர்மீது எனக்கு வழக்கு இல்லை. ஒன்பதையும் இருபதையும் எடை போட்டு ஒன்பதே பெரிது என்று தீர்ப்பெழுதிய தராசின் மீதுதான் வழக்கு.

‘பெண்களுக்குச் சிலையே இல்லையா? கண்ணகி இருக்கிறாளே, ஔவை இருக்கிறாரே’ என்பார்கள். இருக்கிறார்கள். 1968 சனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலைகள் எழுந்தன. கடல் கடந்து வந்த போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்ற மூன்று பாதிரியார்களுக்கு அந்த வரிசையில் இடம் இருந்தது. அதில் நம் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி காப்பியப் பாத்திரம். இன்னொருவர் புலவர், ஆனால் சிலையில் நிற்பவர் கோலூன்றிய பாட்டி. சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை இந்தப் பாட்டி அல்ல. புறநானூற்றின் ஒரு பாட்டில் பகையரசன் அவரை இளம் விறலியாகவே கண்டு பேசுகிறான். இளமையும் அறிவும் ஊர் சுற்றும் கால்களும் ஒரே பெண்ணிடம் இருந்தால் நம் ஊருக்குக் கலக்கம். நரை கூடியபின் அறிவுரை சொல்லலாம்; அதற்குத் தடையில்லை. வெள்ளிவீதியாருக்கோ அந்த வரிசையில் பீடமே இல்லை.

கண்ணகி சிலை 2001 டிசம்பரில் பெயர்த்தெடுக்கப்பட்டு, 2006 ஜூனில் திரும்ப வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்சிகள் அவளுக்காக மோதிக்கொண்டன. அதே இடைவெளியில், 2003இல், அதே சாலையில் இன்னொன்றும் நடந்தது. 1914இல் தொடங்கிய, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரியை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவு செய்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நீதி கேட்டுக் கொதித்த பெண்ணுக்குச் சிலை வேண்டும் என்று வாதிடும் ஊரில், நீதி கேட்டுக் கொதித்து வென்ற பெண்கள் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பீடம் எங்கே?

1959இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்புகிறவர்கள் நான்கு ஆண்கள். அதே கரையில் மீன் கூடை சுமந்து, வெட்டி, விற்று வீட்டை நடத்தும் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் அந்தச் சிற்பத்தில் இல்லை. 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன் கடைகளை அகற்ற வந்தபோது மறித்துப் போராடிய மீனவ மக்களில் அந்தப் பெண்களும் இருந்தார்கள். ஆணின் உழைப்பு சிற்பம். பெண்ணின் உழைப்பு போக்குவரத்துக்கு இடைஞ்சல்.

ஜெயலலிதாவுக்கு நினைவிடம் இருக்கிறதே என்பார்கள். முதலமைச்சர் ஆனால்தான் ஒரு பெண் அந்த மணலில் நினைக்கப்படுவாள் என்பது விடை அல்ல. என் கேள்வியே அதுதான்.

நான் வாழும் சமயபுரத்தில் பெண்ணுக்குக் கல்லில் இடமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரே அவள் பெயரில்தான் பிழைக்கிறது. ஆண்டுதோறும் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் மாரியம்மன். பிறருக்காகப் பட்டினி கிடப்பவளைக் கையெடுத்துக் கும்பிட நமக்குத் தெரியும். தனக்காகப் புத்தகம் எடுத்தவளை எப்படி நினைவு வைப்பது என்று மட்டும் தெரியவில்லை. சென்னைக்குக் கல்விச் சுற்றுலா போய்த் திரும்பும் மாணவிகளிடம் ஐஸ் ஹவுஸில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விவேகானந்தர் என்பார்கள். பலகை சொன்னதைத்தானே அவர்களும் சொல்ல முடியும்?

சிலை சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோறு போடாது. ஆனால், முகவரி கேட்டு வருகிறவருக்கு வழி சொல்லும்போது ஒரு ஊர் யார் பெயரை உச்சரிக்கிறதோ அவருக்கே அந்த ஊர் சொந்தம் என்று அங்கே வளரும் குழந்தை புரிந்துகொள்கிறது. பெண் குழந்தையும் அதையே புரிந்துகொள்கிறாள். தான் வெளியாள் என்று.

நான் புதிய வெண்கலம் கேட்கவில்லை. இருக்கும் பலகையில் இன்னும் இரண்டு வரி கேட்கிறேன். இங்கே குழந்தைக் கைம்பெண்கள் வாழ்ந்தார்கள், படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள் என்று ஒரு வரி. அந்த விடுதி பார்ப்பனக் கைம்பெண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது, மற்றச் சாதிச் சிறுமிகளுக்கு அந்தக் கதவு இல்லை என்று இன்னொரு வரி. முதல் வரியை எழுதச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைத்தால் நாமும் அதே தராசைத்தான் கையில் பிடித்திருப்போம்.

அரசு அந்த வரிகளை எழுதும்வரை மாணவிகள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சுற்றுலாவில் அந்த வாசலில் நின்று, சுப்புலட்சுமியின் பெயரைக் கேட்டிராத தோழிக்கு நீங்களே உரக்கச் சொல்லுங்கள். இரண்டு வரியையும் சொல்லுங்கள்.